அழுகைக்காரரும் நடைக்காரரும் மூன்றாம் பாத்தியும்

எங்கள் டீ பாக்டரி ஆட்களுக்கென்று செல்போனில் ஒரு குரூப் இருக்கிறது. இப்போது வேலையில் இருப்பவர்களும் அதில் உண்டு, என்னைப்போல ரிட்டயர் ஆகி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. போன மாதம் அதில் ஒரு சண்டை. காலை ஷிப்டில் உள்ள இரண்டு பேர், இன்றைக்குக் கொடிகட்டிப் பறக்கிற இரண்டு நடிகர்களில் யார் பெரியவர் என்று ஆரம்பித்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத அளவுக்கு வந்துவிட்டார்கள். என் இடத்தில் சூப்பர்வைசராக இருக்கிற பிரபு எனக்கு எழுதினான். "சூசை அண்ணாச்சி, அந்தக் காலத்துல இந்த விவாதத்துல உங்கள ஜெயிக்க ஆளே இல்லைன்னு சொல்றாங்க. நீங்க ஒரு தீர்ப்பு சொல்லிப் போடுங்க, ரெண்டு பேரும் அடங்கிருவாங்க."

என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்பது உண்மைதான். எப்படி இல்லாமல் போனது என்பது பிரபுவுக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாது. அதைத்தான் எழுதப் போகிறேன். தீர்ப்பை எதிர்பார்த்துப் படிப்பவர்கள் இப்போதே நிறுத்திக்கொள்ளலாம்.

ஏலப்பாறைக்குப் பக்கத்து எஸ்டேட் அது, பெயர் வேண்டாம். பதினெட்டு வயதில் பாக்டரிக்குள் நுழைந்தேன். முதல் இரண்டு வருஷம் மாடியில் கொழுந்தை வாட்டப் பரப்புகிற வேலை, அப்புறம் கூட்டித் துடைக்கிற வேலை, அப்புறம் மெஷினுக்குக் கொழுந்து தள்ளுகிற வேலை. அதற்குள் நிரந்தரமாகிவிட்டேன். பிறகு பெர்மென்டிங் ரூமுக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும் வரை அந்த ரூமை விட்டு நான் நகரவில்லை. என் சட்டையெல்லாம் பச்சைக் கொழுந்து வாடை அடிக்கிறது என்று கல்யாணமான புதிதில் என் மனைவி மூக்கைப் பொத்துவாள்.

தெரியாதவர்களுக்காக அந்த ரூமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மெஷினில் நசுங்கி வெட்டுப்பட்டு வரும் கொழுந்து பச்சையாகத்தான் இருக்கும். அதை ஈரத் தரையில் பாத்தி பாத்தியாகப் பரப்புவோம். காற்றுப் பட்டுப் பட்டுப் பச்சை மாறிச் செம்பு நிறத்துக்கு வரும். பச்சை வாடை போய், பழுத்த பழத்தின் வாடை ஒன்று கிளம்பும். அந்த நேரத்தில் அள்ளி டிரையரில் போட்டுவிட வேண்டும். முந்தினால் டீ கசக்கும், பிந்தினால் சப்பென்று போய்விடும். எத்தனை நிமிஷம் என்பது அன்றன்றைய குளிரையும் மழையையும் பொறுத்தது. அதை, டீயின் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் காலையில் வந்து, ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுவார். அன்று முழுக்க அதுதான் சட்டம்.

ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் ஒரு சின்னக் கறுப்புப் பலகை இருக்கும். பாத்தியைப் பரப்பி முடித்தவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, சாக்பீஸால் அதில் நேரத்தை எழுதவேண்டும். போட்டவன்தான் எழுதவேண்டும். வேறு ஒருவரும் அதைத் தொடக்கூடாது, டீமேக்கர்கூடத் தொடமாட்டார். பாத்தியை அள்ளிய பிறகுதான் பலகையைத் துடைப்போம்.

டீமேக்கர் மலையாளத்துக்காரர். மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி. நான் பார்த்து ஒரு நாளும் அவர் சத்தம் போட்டதில்லை. ஏதாவது தப்பு நடந்தால் வந்து நிற்பார். ஒரே ஒரு கேள்வி, அதுவும் ஒரே தடவை. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் மெதுவாகத் துடைப்பார். ஒரு பக்கம், மறுபக்கம், பிறகு காதில் மாட்டுகிற கம்பி. அதைத் திரும்ப மாட்டுவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். மாட்டிய பிறகு சொன்னால் கேட்டுக்கொள்ள மாட்டார், போய்விடுவார். திட்டுகிறவரிடம் பொய் சொல்லித் தப்பலாம். அந்தக் கண்ணாடித் துடைப்புக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் உண்மையைக் கக்கிவிடுவார்கள். நேரம் பிந்தினால் அது தப்பு, பலகை பொய் சொன்னால் அது குற்றம் என்பது அவர் கணக்கு. தப்பை மன்னிப்பார்.

முருகேசன் அந்த ரூமில் எனக்குக் கூட்டாளி. என்னைவிட ஒரு வயது சின்னவன். டெம்பரரிதான், நாலு வருஷமாக. அவன் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். அந்த அம்மா பெயரில் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டில்தான் அவனும் தங்கச்சியும் இருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட். வீட்டில் வேறு ஒருவர் நிரந்தர வேலையில் இருந்தால்தான் லயம் அவர்களுக்கு நிலைக்கும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கவேண்டும். நல்லவேளையாக அந்த மாதமே பாக்டரியில் மூன்று பேரை நிரந்தரமாக்குவதாக இருந்தது. மூன்றில் ஒன்று முருகேசன் பெயர். பட்டியலை டீமேக்கர் சனிக்கிழமை எஸ்டேட் மேனேஜர் துரை ஆபீசுக்கு அனுப்புவார். முருகேசன் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்து என் அம்மாவிடம் சர்க்கரை கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கும் முருகேசனுக்கும் எல்லாம் ஒத்துப்போகும், ஒன்றைத் தவிர. அப்போதும் இரண்டு பெரிய நடிகர்கள் இருந்தார்கள். பெயர் சொன்னால் இந்த வயதிலும் எனக்கு அடி விழும், அதனால் சொல்லவில்லை. என் நடிகர் திரையில் அழுதால் தியேட்டரே மூக்கை உறிஞ்சும். அவன் நடிகர் சும்மா நடந்து வந்தாலே தியேட்டர் எழுந்து நிற்கும். அழுகைக்காரர், நடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப்படம் வந்தால் இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏறி, குமுளி வழியாக இறங்கி, கம்பத்தில் போய்ப் பார்ப்போம். ஒரே சீட்டில் உட்கார்ந்து போய், வரும்போது சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு சீட்டில் வருவோம்.

நான் வாய்க்காரன். என் நடிகரின் படங்கள், எத்தனை நாள் ஓடின, எந்தக் காட்சியில் எந்தக் கண்ணில் முதலில் நீர் வந்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். பைபிளில் அவ்வளவு தெரியாது. முருகேசனுக்குப் பேச வராது. சிரித்துக்கொண்டே கேட்பான். எப்போதாவது ஒன்று சொல்லுவான், அது நெத்தியடியாக இருக்கும்.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. ஆடி மாதத்துச் சாரல். டீமேக்கர் காலையில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு அறுபத்தைந்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூன்றாம் பாத்தியை முருகேசன் பரப்பினான். பரப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினான். எழுதும்போதே தொடங்கிய எங்கள் விவாதம், அடுத்த பாத்திகளைப் பரப்பும்போதும் விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தது. நடிப்பு என்றால் அழ வைப்பதுதான், நடப்பதற்கு நடிகன் எதற்கு, ஆடு மாடும் நடக்கிறது என்று நான் சொன்னேன். ரூமில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். முருகேசன் நிதானமாகச் சொன்னான்.

"அழுறதுக்கு நம்ம லயத்துல ஆளா இல்ல மாப்ள? தெனம் நாலு வீட்ல அழுறாங்க. நிமிந்து நடக்கத்தான் ஒருத்தரக் காணோம். அத அவரு நடந்து காட்டுறாரு, நான் காசு குடுத்துப் பாக்கேன்."

இந்தத் தடவை சிரிப்பு அவன் பக்கம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மெஷின் பக்கத்தில் பெல்ட் சிக்கிக்கொண்டதென்று கூப்பிட்டார்கள். மற்றவர்களோடு அவனும் போனான். போகும்போது மூன்றாம் பாத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அப்போது மணி எட்டு இருக்கும். பாத்தியை அள்ள இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

ரூமில் நான் மட்டும். எனக்குள் கொதித்தது. அவன் திரும்பி வரும்போது எல்லார் முன்னாலும் வாயடைக்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. கம்பத்தில் நூறு நாள் ஓடிய படங்களை இரண்டு பக்கமாக எழுதி வைப்போம், என் பக்கம் நீளமாக இருக்கும், அவன் பக்கம் குட்டையாக இருக்கும் என்று நினைத்தேன். எழுதக் காகிதம் இல்லை. மூன்றாம் பாத்தியின் பலகையை எடுத்தேன். அவன் எழுதிய நேரத்தை என் சட்டைக் கையால் துடைத்தேன். நேரம் ஞாபகம் இருக்கிறதே, அள்ளும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நடுவில் ஒரு கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன்.

அப்படி ஒரு சுகம் அந்தக் கணக்கில். ஒரு படம் நூறு நாளா தொண்ணூற்றெட்டா என்பதிலேயே பத்து நிமிஷம் போயிருக்கும். எழுதுவதும் அழிப்பதும், சின்ன எழுத்தாக்கித் திரும்ப எழுதுவதுமாக இருந்தேன். வராந்தாவில் டீமேக்கரின் செருப்புச் சத்தம் கேட்டபோது நிமிர்ந்து பார்த்தேன், மணி எட்டு நாற்பது. பாத்தி அள்ளவேண்டிய நேரம் தாண்டி இருபத்தைந்து நிமிஷம்.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். பலகையில் படப் பெயர்களோடு பிடிபட்டிருந்தால் எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், இரண்டு மாதம் ஊர் சிரித்திருக்கும். நான் நிரந்தரக்காரன், அதற்குமேல் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் கை யோசிக்கவில்லை. படங்களைத் துடைத்தேன். ஏழு நாற்பது என்று எழுதினேன். அந்த நேரத்தைப் பார்த்தால் பாத்தி இன்னும் முற்றவில்லை என்றுதானே தோன்றும். முருகேசன் பூஜ்யத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவான். நானும் அப்படியே பெரிதாகப் போட்டேன். அந்த அவசரத்திலும் அதை மறக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

டீமேக்கர் வந்தார். மூன்றாம் பாத்தியில் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தார். பலகையைப் பார்த்தார். திரும்பவும் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். அவர் மூக்கை ஏமாற்ற முடியுமா?

"ஆராடோ இது எழுதியது?"

கண்ணாடியைக் கழற்றினார். என் வலது கைச் சட்டை முழங்கை வரை வெள்ளையாகச் சாக்பீஸ் பொடி. கண்ணாடி மூக்கில் இருந்திருந்தால் அவர் பார்த்திருப்பார். ஒரு பக்கம் துடைத்தார். மறுபக்கம் துடைத்தார். கம்பியைத் துடைக்கும்போது நான் வாயைத் திறந்தேன்.

"மூணாம் பாத்தி முருகேசன் போட்டதுய்யா."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாத்தியைப் போட்டது அவன்தானே. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

முருகேசனை வரச்சொன்னார். கையெல்லாம் கிரீஸோடு வந்தான். இந்தத் தடவை டீமேக்கர் ஒன்றும் கேட்கவில்லை, பலகையைக் காட்டினார். அவன் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், திரும்பப் பலகையைப் பார்த்தான். ஏழு பத்துக்குப் போட்டதாகத்தான் நினைப்பு என்று இழுத்தான். பிறகு அவன் முகம் மாறியது.

"பேச்சுல இருந்தேன் ஐயா. நாந்தான் மாத்தி எழுதிட்டேன் போல."

என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். சந்தேகத்தில் இல்லை. நானும் கூட இருந்தேனே, ஏழு பத்துதானே என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேனா என்று பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். டீமேக்கர் அந்தப் பாத்தியைத் தனியாக ஒதுக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் குழாயடிக்குப் போய்ச் சட்டைக் கையை நனைத்துப் பிழிந்தேன்.

சனிக்கிழமை பட்டியல் போனது. முருகேசன் பெயர் அதில் இல்லை.

புதனுக்கும் சனிக்கும் நடுவில் எனக்கு இரண்டு முழு நாள் இருந்தது. வியாழக்கிழமை சொல்லலாம் என்று போனேன், டீமேக்கரோடு துரை நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் குவார்ட்டர்சுக்கே போனேன். தனியாகத்தான் இருந்தார். என்ன விஷயம் சூசை என்று கேட்டார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது, கழற்றவில்லை. பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்றேன். கொடுத்தார். அப்படி ஒரு கல்யாணமே இல்லை. அந்த இரண்டு நாளும் வீட்டில் படுத்துக் கிடந்தேன்.

மாதக் கடைசியில் அவர்கள் லயத்தை ஒழித்துக்கொடுத்தார்கள். கஞ்சிக்கோட்டில் ஏதோ இரும்புக் கம்பெனியில் மாமா ஒருவர் இருந்தார், அங்கே போனார்கள். சாமான்களோடு அம்மாவையும் தங்கச்சியையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு, இடம் போதாமல் முருகேசன் மட்டும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனான். தலையைக் குனியாமல் நேராக நடந்து போனான். நடைக்காரரின் ரசிகன் நடந்து போக, அழுகைக்காரரின் ரசிகனான நான் பாக்டரி விறகுக் குவியலுக்குப் பின்னால் நின்று அழுதேன். அந்த அழுகையால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இதை அந்த முருகேசனிடம் சொன்னாயா என்று கேட்டார். அவர் மாற்றலாகிப் போகும்வரை நான் வேறு கோயிலுக்கு நடந்துபோய் பூசை கண்டேன். அடுத்த சில வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனேன். என் ஷிப்டில் யாராவது ஒருவன் பலகையில் கை வைத்தால் கடித்துக் குதறிவிடுவேன். சூசை அண்ணாச்சி கண்டிப்பு என்று பெயர் வாங்கினேன். நடிகர்களைப் பற்றி விவாதித்தால் யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. முருகேசன் போன பிறகு எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. பிரபுவுக்கு யாரோ சொன்ன என் வெற்றியின் கதை இவ்வளவுதான்.

போன மாதம், பிரபு கேட்டதற்கு நாலு நாள் கழித்து, மைத்துனி மகள் நிச்சயதார்த்தத்துக்காகக் கஞ்சிக்கோடு போனோம். மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் ஏலப்பாறையிலிருந்து வந்த முருகேசன் என்று கேட்டுவிட்டேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு என்றார்கள். அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

தலை முழுக்க நரைத்திருந்தது. ஆனால் என்னை வாசலிலேயே கண்டுபிடித்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் மனைவி அந்தப் பக்கத்துக்காரர், "வாங்க, உக்காருங்க, இவரு உங்களப் பத்திச் சொல்லாத நாளில்லீங்க" என்றார். மகள் கவிதா டீ கொண்டுவந்தாள். கப்பை வாங்கி என்னிடம் நீட்டும்போதுதான் அவன் கையைப் பார்த்தேன். இடது முன்கையில் பேனாவால் நேரங்கள் எழுதியிருந்தது. 6.45, 8.20, 11.00.

நான் பார்ப்பதை அவன் மனைவி பார்த்துவிட்டார். "கல்யாணமான நாள்லருந்து இப்படித்தானுங்க. எனக்குச் சக்கரை ஊசி போட்ட நேரம், மோட்டார் போட்ட நேரம், எல்லாம் கையிலதான் எழுதுவாரு. கம்பெனியிலயும் சொல்லிச் சிரிப்பாங்களாமுங்க."

முருகேசனும் சிரித்தான்.

"எம்மேல எனக்கே நம்பிக்கை இல்ல மாப்ள. அன்னைக்கு ஏழு பத்துன்னு எழுதுனதாத்தான் இன்னமும் கண்ணுக்குள்ள நிக்குது. ஆனா பலகையில வேறல்ல இருந்துச்சு. அம்மா சாகுறவரைக்கும் கேட்டா, ஒரு பலகைய ஒழுங்கா எழுதத் தெரியலையாடான்னு. எல்லாம் அந்த சினிமாப் பைத்தியம். அதோட விட்டேன். எங்க ஊட்டுல இன்னைக்கு வரைக்கும் சினிமாப் பேச்சே கெடையாது."

அப்பா எங்களை ஒரு படத்துக்குக்கூடக் கூட்டிப்போனதில்லை என்று கவிதா சொன்னாள். நடைக்காரரின் பெயர்கூட அந்த வீட்டில் ஒலித்ததில்லையாம். பிறகு முருகேசன் குரலைத் தாழ்த்தினான். அன்று அவனால் என்னையும் டீமேக்கர் விசாரித்திருப்பார், எனக்கும் கெட்ட பெயர் வந்திருக்கும், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வந்துவிட்டோமே என்று இத்தனை வருஷம் வருத்தமாம். "மன்னிச்சுக்க மாப்ள" என்று என் கையைப் பிடித்தான்.

என்னிடம் அப்போது டீமேக்கர் இல்லை, மெமோ இல்லை, பயப்பட ஒன்றுமே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? டீ நல்லாருக்கு என்றேன். கப்பைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.

அதனால் பிரபு, உன் ஆட்கள் இரண்டு பேருக்கும் என்னிடம் தீர்ப்பு இல்லை. இதைக் குரூப்பில் போடுவதற்கு முன்னால் கவிதாவுக்கு அனுப்புகிறேன். அவள் நம்பரைத் தந்திருக்கிறாள். முருகேசன் கையில் பட்டன் போன்தான், அவள் உட்கார்ந்து படித்துக் காட்டட்டும். மற்றவர்கள் அதன்பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

முருகேசா, உன் கண்ணுக்குள் நிற்பதுதான் சரி. நீ ஏழு பத்து என்றுதான் எழுதினாய். பூஜ்யத்தைப் பெரிதாகப் போட்டிருந்தாய். நான் பார்த்துவிட்டுத்தான் துடைத்தேன்.